ஆகவே, இளைஞர்களே

நாற்காலியின் மேல் ஏறி நின்று முரளிதரன் சுவரிலிருந்த தன் படத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து அம்சவேணி கரண்டியும் கையுமாக வந்துவிட்டாள்.

"என்னங்க பண்றீங்க?"

"தூசி."

"காலையிலதான் தொடச்சேன். எறங்குங்க மொதல்ல. மாப்ள வீட்டுக்காரவுக இன்சீன்ல ரயிலு ஏறியாச்சு. இவரு சட்டைய மாத்தாம படத்துக்குத் தூசி தட்டுறாரு!"

இறங்கினார். படம் மேலேயே இருந்தது. வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பார்வையில் உலகத்து நோய்களுக்கெல்லாம் மருந்து. முதுகுக்குப் பின்னால் கண் பரிசோதனை அட்டை. அந்த அட்டையைத் தலைகீழாக மாட்டிவிட்டார்கள் என்பதை மட்டும் இத்தனை வருடத்தில் ஒருவரும் கவனித்ததில்லை. லத்தாப் பேட்டையில் அவர்களுடைய நாலாம் மாடி வீட்டுக்கு மூச்சு வாங்க ஏறி வருகிற எவரையும் அந்தப் படத்தைப் பார்க்காமல் அம்சவேணி உட்கார விட்டதில்லை. "இவுக மெட்ராஸ்ல பெரிய ஆஸ்பத்திரியில இருந்தப்ப எடுத்தது" என்பாள். கீழே அவர் வேலை பார்க்கும் மருந்துக் கடையிலும் எல்லோரும் அவரை 'ஸயா' என்றுதான் கூப்பிட்டார்கள். பர்மியர்களுக்கு வாத்தியாரும் ஸயா, வைத்தியரும் ஸயா, கதை எழுதுகிறவனும் ஸயா. அந்த ஒரு வார்த்தையின் நிழலில் முரளிதரன் இத்தனை காலம் நிம்மதியாகக் குடியிருந்தார்.

அந்த நிம்மதிக்கு இன்று காலை அவருடைய மகளே தீ வைத்துவிட்டாள். கண்ணாடி முன்னால் நின்று தனக்கா மரப்பட்டை விழுதைக் கன்னத்தில் குழைத்துக்கொண்டே புஷ்பலதா, தான் கட்டிக்கொள்ளப்போகிறவனைப் பற்றிப் போகிற போக்கில் சொன்னாள்: "வடிவேலோட அப்பா கோயில் கமிட்டித் தலைவராம்ப்பா. முன்னாடி இன்சீன்ல டிக்கெட் போட்டுக் கேசட்டு ஓட்டுற வீடியோ ரூம் வெச்சிருந்தாராம்."

வீடியோ ரூம்! முரளிதரனின் கண் அப்போதே சுவரிலிருந்த படத்துக்குப் போனது.

விஷயம் இதுதான். எண்பத்தெட்டில் பர்மாவில் போராட்டம் வெடித்து ஊரே கடையை மூடிக் கிடந்தபோது, பெண்டாட்டியையும் கைக்குழந்தையையும் மாமனார் வீட்டில் விட்டுவிட்டு, மொரே வழியாக எல்லையைத் தாண்டி மெட்ராஸ் போனவர் அவர். பெரிய சினிமாக் கதாசிரியர் ஆவதுதான் திட்டம். கோடம்பாக்கம் கதவைத் திறந்தது. ஆனால் கொல்லைப்புறக் கதவை. 'ஏ' முத்திரைப் படம் மட்டுமே எடுக்கும் டைரக்டர் ஒருவர் அவரை ஏற இறங்கப் பார்த்துச் சொன்னார்: "உன் மூஞ்சியப் பாத்தா எவனுக்கும் கெட்ட எண்ணமே வராதுய்யா. நீதான் டாக்டர்."

சென்சாருக்கு ஒரு நீதி வேண்டும். அதனால் படம் தொடங்கியதும் ஒரு டாக்டர் மேஜைக்குப் பின்னாலிருந்து இளைஞர்களை எச்சரிப்பார். பிறகு ஒன்றரை மணி நேரம் ஒருவரும் அந்த எச்சரிக்கையைக் கேட்கமாட்டார்கள். கடைசியில் டாக்டர் திரும்பி வந்து வருத்தப்படுவார். அந்த டாக்டர் முரளிதரன். திரைக்கதை, வசனமும் அவரே. ராப்பகலாக உட்கார்ந்து கதாநாயகிக்கு ஒரு மனப்போராட்டம் எழுதிக்கொண்டு போவார். டைரக்டர் அதைச் சிவப்பு மையில் அடித்துவிட்டு, 'மழை பெய்கிறது' என்று எழுதுவார். ஊரில் குடிக்கத் தண்ணீர் இல்லாத வருடங்கள் அவை. லாரித் தண்ணீர் முழுக்க அவருடைய கதாநாயகிகளின் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. எந்தப் படத்திலும் நனையாத ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. 'காலை முதல் இரவு வரை ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறேன். வெள்ளைக் கோட்டு கொடுத்திருக்கிறார்கள்.' இதில் எந்த வரி பொய்? ஆஸ்பத்திரி அட்டையில் செய்தது என்பதை மட்டும் எழுதவில்லை.

ஒரே ஒரு ஏக்கம் அவருக்கு இருந்தது. அந்தக் கடைசிப் பிரசங்கம். டைரக்டரின் சிவப்பு மை படாத ஒரே பக்கம் அது. 'ஆகவே, இளைஞர்களே' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியம் வரும். மனிதர் கண்ணீர்விட்டு எழுதிய வாக்கியம். ஜனங்கள் கேட்டு உருகுவதைப் பார்க்க ஆசைப்பட்டு, ஒருமுறை தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு காலைக் காட்சிக்குப் போனார். திரையில் டாக்டர் வந்ததும் தியேட்டரே எழுந்து செருப்பைத் தேடியது. திரைமேல் வேர்க்கடலைத் தோல் பறந்தது.

சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். வடிவேல், அவன் அம்மா, அப்பா மாரிச்சாமி. மாரிச்சாமி நெற்றி நிறைய விபூதியும் கட்டம் போட்ட லோன்ஜியுமாக, சரியாகப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். அம்சவேணி லப்பெத் தட்டை நீட்டினாள்; வறுத்த பருப்பும் எள்ளும் தேயிலை ஊறுகாயுமாகத் தட்டு மணத்தது.

"சம்மந்தி, அந்தப் படத்தப் பாருங்க. இவுக மெட்ராஸ்ல..."

மாரிச்சாமி நிமிர்ந்தார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. படத்தைப் பார்த்தார், முரளிதரனைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அப்போது முழங்காலில் வைத்திருந்த அவருடைய வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு அசைய ஆரம்பித்தது. அமுக்கியது, விட்டது, அமுக்கியது.

ரிமோட் பிடித்துப் பழகிய விரல். இந்த ஆள் மனசுக்குள் என் படத்தை வேகமாக ஓட்டுகிறான் என்று முரளிதரனுக்குப் புரிந்துவிட்டது. மகளின் கல்யாணம் அந்த ஒரு விரலின் நுனியில் தொங்கியது.

பட்டென்று கரண்ட் போனது. மின்விசிறி ஓய்ந்தது. கீழே தெரு முழுக்க ஜெனரேட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக உறும ஆரம்பித்தன.

"ஸயா, பால்கனிப் பக்கம் காத்து வரும். வாங்க, தனியா ஒரு வார்த்தை" என்றார் மாரிச்சாமி.

பேப்பர் போடுகிறவனுக்காகத் தெரு வரைக்கும் தொங்கவிட்ட கயிறு கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது. ஜெனரேட்டர் சத்தத்தில் மாரிச்சாமி அவர் காதருகே வந்து கத்தினார்.

"அது நீங்கதான?"

"எது?"

"நடிக்காதீங்க. அப்பவே ஒங்களுக்கு அது வரல."

முரளிதரன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எங்க வீட்டுல நா ஆஸ்பத்திரியில வேல பாத்ததாத்தான் நெனச்சிக்கிட்டிருக்காக."

"எங்க வீட்டுல மட்டும்? நா சாமி படம் ஓட்டுனேன்னு நெனச்சிக்கிட்டிருக்கா."

எந்த ஜோசியனும் இப்படி ஒரு பொருத்தத்தை எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

"அப்ப கல்யாணம்?"

"நா எதுக்கு நிறுத்துறேன்? நிறுத்துனா காரணம் கேப்பா. காரணத்தச் சொன்னா, ஒனக்கெப்படிய்யா தெரியும்னு கேப்பா." மாரிச்சாமி குரலைத் தாழ்த்தப் பார்த்து, முடியாமல் மறுபடியும் கத்தினார். "ஆனா ஒன்னு கேக்கணும் ஸயா. ரொம்ப வருசமா மண்டையக் கொடையுது. நீங்க கடைசியா வந்து 'ஆகவே, இளைஞர்களே'ம்பீங்க. அதுக்குள்ள பயலுக 'ஓட்டு, ஓட்டு'ன்னு கூப்பாடு போடுவானுக. நா வேகமா ஓட்டிப்புடுவேன். கேசட்டும் வாடகைக் கேசட்டு, விடியுமுன்ன வாங்கிட்டுப் போயிருவான். ஆகவேக்கு அப்புறம் என்னதான் சொல்லுவீங்க?"

முரளிதரன் அவரைத் திரும்பிப் பார்த்தார். முதல் ரசிகன்.

"இங்கயா? இப்பயா?"

"இந்தச் சத்தத்துல யாருக்குக் கேக்கப் போகுது?"

அதுவும் நியாயம்தான். ஆனால் நேரே 'ஆகவே'யில் குதிக்க முடியாது. ஓடிவந்துதான் தாண்ட வேண்டும். முரளிதரன் நிமிர்ந்தார். இல்லாத ஸ்டெதாஸ்கோப்பை இடது கை தேடியது. அடிவயிற்றிலிருந்து அந்தப் பழைய குரல், ஜெனரேட்டர்களை ஏறி மிதித்துக்கொண்டு வந்தது.

"உடல் என்பது வாடகை வீடு அல்ல, நண்பர்களே! ஒரு மழைக்கு ஒதுங்கியவர்கள் ஓராயிரம் நாள் தும்மிய கதையை நீங்கள் பார்த்தீர்கள்! ஆகவே, இளைஞர்களே!"

"மீ லா பீ!"

கரண்ட் வந்துவிட்டதென்று தெருப் பிள்ளைகள் கூவின. விளக்குகள் எரிந்தன. ஜெனரேட்டர்கள் மளமளவென்று அடங்கின. விழுந்த நிசப்தத்தில், 'இளைஞர்களே' எதிர்க் கட்டடத்தில் முட்டித் திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்தது.

உள்ளே வடிவேல் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றுவிட்டான். அவன் அம்மாவின் கையில் லப்பெத் அந்தரத்தில் நின்றது. புஷ்பலதா வாயைப் பொத்திக்கொண்டாள். பால்கனி வாசலில் வாழைக்காய் பஜ்ஜித் தட்டுடன் அம்சவேணி. அவள் கணவனைப் பார்த்தாள். திரும்பிச் சுவரிலிருந்த படத்தைப் பார்த்தாள். பிறகு, எதையோ படிக்கிறவளைப் போல, மெல்லத் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இன்னும் சாய்த்து, அந்தக் கண் பரிசோதனை அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ம்" என்றாள் கடைசியில். "ஆகவே?"

அது எந்த மாதிரி 'ஆகவே' என்று முரளிதரனால் கண்டுபிடிக்க முடியவில்லை. தப்பித்துக்கொள்ள வழியா இல்லை? கதாசிரியர் அல்லவா, மூன்று பொய்கள் நாக்கு நுனிவரை வந்து நின்றன. ஆனால் 'ஆகவே'க்கு அப்புறம் வரும் அந்த வாக்கியமும் அங்கேயேதான் நின்றது.

அவர் மாரிச்சாமியைப் பார்த்தார். கம்பியின் மேல் அந்தக் கட்டைவிரல் பழக்கதோஷத்தில் எழும்பியிருந்தது. பிறகு மெதுவாக மடங்கி, உள்ளங்கைக்குள் போய் அடங்கிக்கொண்டது.

முரளிதரன் மூச்சை இழுத்தார்.