சிபியூவுக்கு ஒரு வெல்வெட் சட்டை

என் மகள் டீனா கதவைச் சாத்திக்கொண்டு தேர்வு எழுத உட்கார்ந்துவிட்டாள். பெரிய கம்பெனி வேலைக்கு. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதலாம், ஆனால் ஒரே ஒரு தடவைதான். கேமராவில் வேறு முகம் தெரிந்தால் ரத்து. நடுவில் மெஷின் நின்றாலும் ரத்து.

நான் கூடத்தில் ஜெபமாலையோடு உட்கார்ந்தேன். விரலில் ஒரு மணிகூட நகரவில்லை. உள்ளேயிருந்து சத்தம் வந்தது. விசில் வருவதற்கு முன் குக்கர் இரையுமே, அப்படி. சிபியூவின் ஃபேன்.

ஐயோ மாதாவே, கவர்!

போன மாதம் கம்ப்யூட்டர் ரிப்பேர் பண்ணும் பையன் நாகேஷ் வந்து சிபியூவைத் திறந்து பிரஷ்ஷால் தட்டினான். பஞ்சு பஞ்சாக உதிர்ந்தது. "தூசி அடைச்சா சூடாகி தானா ஆஃப் ஆயிடும் ஆன்ட்டி. அப்பப்ப சுத்தம் பண்ணுங்க. ஸ்வல்ப காத்தும் விடுங்க" என்றான். என் வீட்டில் தூசியா! பெங்களூர் பிரேசர் டவுனில் யார் வேண்டுமானாலும் வந்து என் தரையைத் தடவிப் பார்க்கட்டும். அந்த ரோஷத்தில் காற்று என்று அவன் சொன்னது காதில் ஏறவே இல்லை. பழைய வெல்வெட் திரையை வெட்டி, ஓரத்தில் லேஸ் வைத்து, தொங்கவிட உச்சியில் ஒரு வளையமும் வைத்து, சிபியூவுக்குச் சட்டை தைத்தேன். அதை டீனா ஒருநாள் கழற்றித் தரையில் போட்டிருந்தாள். வீடே அதிரக் கத்தினேன்.

இன்று காலை அறையைப் பெருக்கும்போது தூசி பறக்குமே என்று நானே அதை மாட்டினேன். எடுக்க மறந்துவிட்டேன்.

"ஏங்க, கதவைத் திறந்து ஒரே இழுப்புல எடுத்துடறேன்."

என் கணவர் டென்சில் கையைப் பிடித்துக்கொண்டார். "பைத்தியமா பவுலின் உனக்கு? கதவு நேரா கேமராவுல தெரியும். புள்ள பொழப்புல மண்ணைப் போட்டுடாத."

"சும்மா இருந்தா மட்டும் மெஷின் நிக்காதா?"

ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்கு ஓடினேன். கேமராவில் படாத பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழேதான் சிபியூ. கம்பிக்குள் கம்பை விட்டேன். வளையம் சிக்கவில்லை. கம்பு மேஜைக்காலில் டொக்கென்று இடித்தது. டீனாவின் தோள் தூக்கிப்போட்டது. கடவுள் புண்ணியம், அவள் திரும்பவில்லை. மறுபடி விட்டேன். மாட்டிக்கொண்டது. மெல்ல, மெல்லத் தூக்கினேன். கவர் வந்துவிட்டது. சட்டைக்குள்ளிருந்த சூடு முகத்தில் அடித்தது. ஃபேன் சத்தம் இறங்கும்வரை காதைத் தீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படியே சந்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

தேர்வு முடிந்து கதவு திறந்தது.

"நல்லா எழுதியிருக்கேன் மம்மி."

என் பயமெல்லாம் கோபமாகத்தான் வெளியே வரும். "கண்ணு என்ன பொட்டையா? காலுக்குக் கீழ கவர் இருக்கிறது தெரியலையாடி?"

"உக்காரும்போதே பார்த்தேன். கழட்டலாம்னு குனிஞ்சேன். அப்புறம், நீங்க கத்துவீங்க, எக்ஸாமுக்கு முன்னாடி அழ வேணாம்னு விட்டுட்டேன்."

சொல்லிக்கொண்டே, என் தோளில் கிடந்த கவரை எடுத்து, லேஸ் கசங்காமல் மடித்து என் கையில் வைத்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.