களத்தில் மூன்று சுற்று

வெயில் சுடுமே என்று மேரி பயப்படவில்லை. சுடாதே என்றுதான் பயந்தாள்.

மூன்று மாதத்துக்கு முன், காவாந்தண்டலம் சாலையில் அவள் வேலை பார்த்த அரிசி மில்லில், நெல் அவிக்கும் தொட்டியிலிருந்து சரிந்த கொதிநெல் அவளுடைய இடது பாதத்தை மூடியது. புண் ஆறிவிட்டது. உணர்ச்சி மட்டும் திரும்பவில்லை. நெருப்பை மிதித்தாலும் அந்தக் காலுக்குத் தெரியாது. இதைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை. வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சீட்டு எழுதித் தந்திருந்தார். சீட்டை மில்லில் யார் சீண்டினார்கள்? களத்து மேஸ்திரி கோவிந்தம்மாள் சரி என்றால்தான் சரி.

கோவிந்தம்மாள் வைக்கும் சோதனை இதுதான். உச்சி வெயிலில், சிமெண்டுக் களத்தில் பரப்பிய அவித்த நெல்லைக் காலால் தள்ளிக்கொண்டு மூன்று சுற்று வர வேண்டும். கடைசியில் நெல் எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பாதத்தால் பார்த்துச் சொல்ல வேண்டும். பதம் தப்பினால் அரிசி நொய்யாகிவிடும். செருப்பா? நெல்மேல் செருப்புக் கால் படவே கூடாது. போன வருஷம் ஒரு லாரி டிரைவர் தெரியாமல் செருப்போடு ஏறிவிட, கோவிந்தம்மாள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு அவனை ரோடு வரை துரத்தினாள்.

துடைப்பத்தைவிட மேரிக்கு அவள் கண்ணைப் பார்த்துத்தான் பயம். முன்பு எல்லம்மாள் என்றொருத்தி மரத்த காலோடு வேலை செய்தாள். பாதம் வெந்தது தெரியாமலே அழுகிப்போக, கணுக்காலோடு எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சுடாத காலைக் கோவிந்தம்மாள் களத்தில் ஏற்றுவதில்லை. அதனால் மேரி ஒரு வாரமாக வீட்டில் பழகியிருந்தாள். வலது கால் துள்ளினால், இடது காலும் அதே மாதிரி துள்ள வேண்டும்.

களத்தோரம் செங்கேணி தூக்குச்சட்டியோடு நின்றாள். மேரி தோற்றால் அந்த இடம் அவளுக்கு. பாவம், அவள் வீட்டிலும் அடுப்பு எரிய வேண்டும். முதலாளி தாமோதரன் குடை பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"ஏறு" என்றாள் கோவிந்தம்மாள்.

முதல் சுற்றில் வலது கால் நிஜமாகவே வெந்தது. மேரி பல்லைக் கடித்தாள். இடது காலையும் வெடுக்கென்று தூக்கித் தூக்கி வைத்தாள். கோவிந்தம்மாள் நாலு அடி பின்னால் வந்துகொண்டே இருந்தாள். இரண்டாம் சுற்றில் மேரிக்குத் துள்ளல் ஒருமுறை தப்பியது. திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. பிள்ளைகள் இரண்டின் முகத்தையும் நினைத்துக்கொண்டு நடந்தாள். மூன்றாம் சுற்றில் கணக்காகத் துள்ளினாள். முடித்தும்விட்டாள்.

"பதம் இன்னா?"

மேரி வலது பாதத்தை அழுத்தினாள். "இன்னும் ஒரு கிண்டு வோணும்க்கா. அடியில ஈரம் கீது."

கோவிந்தம்மாள் ஒரு நெல்லை எடுத்துக் கடித்தாள். சரியாகத்தான் இருந்தது.

"அப்புறம் இன்னா? நாளைலேர்ந்து வரட்டும்" என்றார் தாமோதரன்.

மேரிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. ஆனால் கோவிந்தம்மாள் குனிந்தவள் நிமிரவில்லை. மேரி நடந்து வந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் சுற்று நெடுக, இரண்டடிக்கு ஒன்றாக, நெல்லில் சிவப்பு.

"காலைத் தூக்கு."

மேரி வலது காலைத் தூக்கினாள்.

"அது இல்ல. அந்தாண்ட காலு."

உடைந்த கோணி ஊசி ஒன்று இடது பாதத்தில் பாதி ஏறியிருந்தது. கோவிந்தம்மாள் அதைப் பிடுங்கினாள். மேரியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அதற்குமேல் மறைக்க என்ன இருக்கிறது? செங்கேணி களத்தில் ஓரடி ஏறினாள்.

"சூடு தெரியாத கால்ல துள்ளுறே, ஊசி ஏறுன எடத்துல சும்மா வர்றே! யாருகிட்டடி வேஷம் கட்றே? எல்லம்மா மாரி காலை வெட்டிக்கினு கெடக்கணுமா?" என்று கத்தினாள் கோவிந்தம்மாள்.

"வேலை பூட்ச்சுன்னா காலை வெச்சிக்கினு இன்னாக்கா பண்ணுவேன்? புள்ளைங்களுக்கு அதையா ஆக்கிப் போடுவேன்?"

கோவிந்தம்மாளுக்குக் கோபம் இரட்டிப்பானது. ஊசியை வேலிக்கு அந்தப் பக்கம் வீசினாள். விறுவிறுவென்று கொட்டகைக்குப் போய்ப் பழைய சாக்கு ஒன்றைக் கிழித்துக்கொண்டு வந்தாள். மேரியைக் களத்து விளிம்பில் உட்காரவைத்து, ரத்தத்தை முந்தானையால் துடைத்து, சாக்கை நாலாக மடித்து அந்தப் பாதத்தில் வைத்துச் சணலால் இறுக்கினாள்.

"இன்னாம்மா இது? அத்தோட நெல்லு மேல ஏறுவாளா?" முதலாளி பதறினார். "நீயே இப்பிடிச் செஞ்சா?"

"செருப்பா கட்னேன்? சாக்குதான மொதலாளி. நெல்லு தெனமும் இதுக்குள்ளதான படுத்துக்கீது? இதுல இன்னா கொறஞ்சி பூடும்?"

தாமோதரன் குடையை மடக்கிக்கொண்டு ஆபீசுக்குள் போனார். செங்கேணி தூக்குச்சட்டியை மாற்றிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்து நடந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை.

"பதத்தை வலது காலு பாக்கட்டும்" என்றாள் கோவிந்தம்மாள் மேரியிடம். "சாயங்காலம் வூட்டுக்குப் போறதுக்கு முன்ன இத்த அவுத்து எங்கிட்ட காட்டணும். தெனமும். ஒரு நாளு காட்டாத போனே, அன்னியோட சரி."

மேரி தலையாட்டினாள். அப்போதுதான் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு அழுவுறே? வலிக்குதா?"

"இல்லக்கா" என்றாள் மேரி.

அதைக் கேட்ட பிறகுதான் கோவிந்தம்மாள் கலங்கிய கண்ணை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.