நாற்பது பூநாரை

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்தில் அன்றைக்கு அடித்த காற்றில் நரசிம்மலுவின் மீசையே ஒரு பக்கமாக ஒதுங்கிப்போனது. மழை மேலிருந்து பெய்யவில்லை. கடலிலிருந்து படுத்துக்கொண்டே வந்தது. தொண்ணூற்றாறு மார்கழியில், பறவைக் கணக்கெடுக்கக் கோவையிலிருந்து வேன் பிடித்து வந்த சங்கத்தார் மூன்று பேரும் விடிந்ததிலிருந்து பார்த்தது இரண்டே காக்கை. அதிலும் ஒன்று டிரைவர் போட்ட இட்லிக்கு வந்தது.

முப்பது வருடம் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற நரசிம்மலுவுக்கு வெறுங்கையோடு திரும்பிப் பழக்கமில்லை. தூரத்து மணல்திட்டில் இளஞ்சிவப்பாக ஏதோ அசைந்தது. "பூநாரைங்க. நாப்பது இருக்கும்" என்று சொல்லிவிட்டு பைனாகுலரைத் திருகினார். அது கம்புகளில் கட்டிய நைலான் வலை.

இரண்டாவது ஆளும் பார்த்தால்தான் எழுதலாம் என்பது சங்கத்துச் சட்டம். எப்படியும் தள்ளுபடியாகிவிடும் என்று நரசிம்மலு வாயை மூடிக்கொண்டார். ஆனால் பொள்ளாச்சிக் கொப்பரை வியாபாரி பாலுசாமிக்குப் பெரியவர் சொல்லை மறுத்துப் பழக்கமில்லை. மூக்குக்கண்ணாடியில் குடம் தண்ணீர் வழிய, "ஆமாங்க, நாப்பதுக்குக் கொறையாதுங்க" என்றார். கணக்கெழுதும் சென்னியம்மாள் டீச்சர் நாற்பது என்று எழுதினாள்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஏழு வருடமாகப் பூநாரை பார்க்க அலைகிறவள் அவள். "கிட்டப் போய்ப் பாத்துட்டு வாரேனுங்க மாஸ்டர்" என்று சேலையைச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்கினாள். வேண்டாம் என்று கூப்பிட்டால் ஏன் என்று கேட்பாள். நரசிம்மலு கூப்பிடவில்லை.

அரை மணி கழித்து, இடுப்பு வரை சேறும் கையில் ஒற்றைச் செருப்புமாக, பல் கிட்டிக்க வந்தாள்.

"பாத்தேனுங்க மாஸ்டர். நல்லா இருந்துச்சுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

வளையலில் இளஞ்சிவப்பு இழை ஒன்று சிக்கியிருந்தது. நூலோடு முப்பது வருடம் புழங்கிய கண்ணுக்கு அது தப்புமா? நரசிம்மலுவுக்குக் காது மடல் சுட்டது.

"அது வலைங்க அம்மணி. நீங்க எறங்கறப்பவே எனக்குத் தெரியும்."

அவள் நோட்டைத் திறந்து பென்சிலோடு அவரிடம் நீட்டினாள். நனைந்த தாளில் பென்சில் ஓடவில்லை. நாற்பதை மூன்று தடவை அடிக்க வேண்டியிருந்தது.

"அப்ப நான் பாத்தது என்னங்க?" என்றார் பாலுசாமி.

வேன் வெள்ளகோவில் தாண்டும் வரை அந்த ஒற்றைச் செருப்பு, பிரேக் போடும்போதெல்லாம், சறுக்கி வந்து நரசிம்மலுவின் காலில் இடித்தது. ஒவ்வொரு தடவையும் குனிந்து எடுத்து அவள் இருக்கைக்கு அடியில் வைத்தார்.