தலையணை உறைத் துணி

"இரு தினகரா, இப்ப தூக்காதீங்க" என்று சுலோசனா ஐஸ் பெட்டியின் மேல் கையை வைத்தாள். குளிப்பாட்டத் தூக்க வந்த நாலு பேரும் அப்படியே நின்றார்கள்.

கொழுந்தன் தினகரனுக்கு எரிச்சல். எமகண்டம் பிறப்பதற்குள் அண்ணனை எடுத்தாக வேண்டும்.

"வரவேண்டியவங்கதான் வந்தாச்சே அண்ணி. இன்னும் யாரு?"

"யூசுப் பாய் வரட்டும்."

ஆட்டோக்காரருக்காகப் பிணத்தைக் காக்க வைப்பதா என்று பெண்கள் பக்கம் முணுமுணுப்பு கிளம்பியது. மகள் பவித்ரா விடியலிலிருந்து அவருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள், ஸ்விட்ச் ஆஃப். காரணத்தைச் சொன்னால் இந்தக் கூட்டம் சிரிக்கும். அதனால் சுலோசனா சொல்லவில்லை.

எல்லாம் அவள் புருஷன் வீரராகவனின் ரைபிளால் வந்தது. அவருடைய தாத்தா சேக்காட்டில் பயிர் வைத்திருந்த காலத்தில் லைசென்ஸோடு வாங்கியது. குழலின் வாய் வழியாக மருந்தையும் குண்டையும் போட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்கிற ரகம். ஃபாக்டரியிலிருந்து ரிட்டையர் ஆனதும் மனுஷனுக்கு அதன் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. ஞாயிறு வந்தால் யூசுப்பின் ஆட்டோ, பூந்தமல்லிக்கு அப்பால் இருக்கும் சுடுதளம். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் விழ வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. கேட்கச் சின்ன ஆசைதான். ஆனால் மருந்து ஒரே அளவாக இருக்க வேண்டும், கோலை அழுத்துவதும் ஒரே அழுத்தமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு வெடிக்கும் பிறகு குழலைத் துடைக்க வேண்டும். குண்டைச் சுற்றி வைக்கிற எண்ணெய்த் துணி கொஞ்சம் தடித்தாலும் போச்சு, குண்டு தன் இஷ்டத்துக்குப் போகும்.

அந்தத் துணி சுலோசனாவின் பொறுப்பு. நைந்த வேட்டியை வட்ட வட்டமாகக் கத்தரித்து, விளக்கெண்ணெயில் தோய்த்து டப்பாவில் போட்டுத் தருவாள். மருந்தை இரண்டு தரம் அளக்கிற மனுஷன், அவள் வெட்டின துணியை மட்டும் பார்க்காமலேயே எடுத்து வைப்பார். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமை.

போன வெள்ளிக்கிழமை அவளைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதாகச் சொல்லியிருந்தார். ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்க உட்கார்ந்தவர் சுத்தமாக மறந்துவிட்டார். புடவை கட்டிப் பையோடு காத்திருந்தவளுக்கு வயிறு எரிந்தது. சண்டை போடவில்லை. சனிக்கிழமை ஒரு புதுத் தலையணை உறையைக் கத்தரித்து டப்பாவை நிரப்பினாள். முரட்டுத் துணி. சுடட்டும், எப்படிச் சுடுகிறார் பார்க்கலாம்.

ஞாயிறு சாயங்காலம் திரும்பி வந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மற்ற வாரமானால் எந்த ஓட்டை எங்கே விழுந்தது என்று சோறு ஆறிப்போகும்வரை சொல்வார். வெந்நீர் ஊற்றிக் குழலைக் கழுவினார், மோர் குடித்தார், படுத்தார். அவளும் வீம்புக்குக் கேட்கவில்லை. விடியற்காலையில் எழுப்பினால் உடம்பு சில்லிட்டிருந்தது.

தன் கோபத்தால் நொந்துபோய்ப் படுத்தாரா? யூசுப்பைத் தவிர இதைச் சொல்ல ஆள் கிடையாது. தெரியாமல் புருஷனை அனுப்பிவிட்டால் மீதி நாளை எப்படி ஓட்டுவது என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

தினகரன் இரண்டாம் தடவை வாயைத் திறந்தபோது தெருவில் ஆட்டோ வந்து நின்றது. கழுவித் துடைத்த ஆட்டோ. இறங்கிய யூசுப் சாமியானாவையும் சங்கு ஊதுகிறவரையும் பார்த்துவிட்டு, சாவி கையிலிருக்க அப்படியே நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றக்கூட மறந்துபோய் உள்ளே வந்தார்.

அவர் அழுது முடிக்கும்வரைகூட சுலோசனாவால் பொறுக்க முடியவில்லை.

"நேத்து எப்படிச் சுட்டாரு பாய்?"

"ரெண்டுதாம்மா சுட்டாரு. ஒண்ணு அந்தாண்ட போச்சு, ஒண்ணு இந்தாண்ட போச்சு. மூணாவதுக்குத் துணிய எடுத்து வெரல்ல தேச்சிப் பாத்தாரு. பாத்துட்டு ஒரே சிரிப்பு."

"சிரிச்சாரா?"

"ஆமாம்மா. 'எங்கூட்டம்மா செம காண்டுல கீறா யூசுபு, துணியிலயே தெரியுது'ன்னாரு. எல்லாத்தையும் மூட்ட கட்டிட்டாரு. வர்ற வழியெல்லாம் சிரிச்சிகினுதான் வந்தாரு."

"அப்புறம் ஏன் எங்கிட்ட பேசல?"

யூசுப் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "காலைல வண்டி எட்த்துகினு வா, ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கினப்புறந்தான் அவகிட்ட வாயத் தொறப்பேன், முன்னாடியே தொறந்தா வாங்கிக் கட்டிக்கணும்னாரு. அதுக்குத்தாம்மா இப்ப வந்தேன். போன்ல சார்ஜ் இல்ல. எனக்கு எதுவும் தெரியாதும்மா."

பாவி மனுஷா என்று சுலோசனா வாய்க்குள் சொன்னாள். காலையிலிருந்து வராத கண்ணீர் அப்போதுதான் வந்தது. கண்ணாடிக்குள் இருந்த முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பெட்டியின் மேலிருந்து கையை எடுத்தாள்.

"தூக்குங்க."

பெட்டியைத் திறந்தார்கள். அமரர் ஊர்தி தெருமுனையில் வந்து ஹாரன் அடித்தது. ஆட்டோவை எடுத்தால்தான் அது வாசலுக்கு வர முடியும் என்று தினகரன் சொல்ல, யூசுப் அவசரமாகச் சாவியோடு வெளியே நடந்தார்.

"பாய், அது அங்கியே நிக்கட்டும். எனக்காக வந்த வண்டி."

தினகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போய், ஊர்தியை முனையிலேயே நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு வந்தார்.