கடைசித் தாள்

மாதையன் வாத்தியாருக்குச் சவுரியப்பனைக் கண்டாலே வயிறு எரியும். எரியாதா பின்னே? பென்னாகரத்தில் பதினாலு வருஷம் சரித்திரம் நடத்தியவர் அவர். நேற்று வேலைக்கு வந்த வாத்தியார்ப் பையனைத் தலைமை ஆசிரியர் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினால் யாருக்குத்தான் பொறுக்கும்? போதாததற்கு, 1937-ல் மதராஸில் ஒரு காலேஜ் ஆராய்ச்சிக்கு ஒரே ஒரு இடம் அறிவித்தது. இந்தப் பக்கத்து நடுகற்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். இரண்டு பேருமே மனுப் போட்டார்கள்.

தர்மபுரி வாசகசாலையில் ஜில்லாவைப் பற்றித் தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று இருந்தது. வீட்டுக்குத் தரமாட்டார்கள், நோட்டில் பெயரெழுதிவிட்டு அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும். மாதையன் முதல் பஸ்ஸிலேயே போய்ப் பெயரெழுதினார். நடுகல் பகுதி மொத்தம் ஆறு தாள். ஐந்தில் விஷயம், ஆறாவதில் வெறும் புத்தகப் பெயர்களும் சர்க்கார் அறிக்கை நம்பர்களும். இனி அவன் எதைப் பார்த்து எழுதுகிறான் பார்ப்போம் என்று, காவலாள் வெற்றிலை வாங்கப் போன நேரத்தில், ஐந்து தாளையும் பிளேடால் அறுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். ஆறாவதைத் தொடவில்லை. அந்தக் குப்பை யாருக்கு வேண்டும்?

மறுவாரம் சவுரியப்பன் போய் வந்தான். முகம் வாடியிருக்கும் என்று பார்த்தால், சிரித்துக்கொண்டு வந்தான். அப்புறம் இரண்டு மாதம் அவனுக்குத் தபாலில் கட்டுக் கட்டாக ஏதேதோ காகிதம் வந்தபடி இருந்தது. தபால்காரன் வரும்போதெல்லாம் மாதையனுக்குச் சோறு இறங்கவில்லை. போகட்டும், நம்முடையது நாற்பது பக்கம், முத்து முத்தான எழுத்து என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பதில் இருவருக்கும் ஒரே நாளில் வந்தது. இடம் சவுரியப்பனுக்கு. மாதையனுக்கு வந்த கடிதத்தில் இரண்டே வரி: "அந்தப் புத்தகத்தில் இருப்பதை அழகாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் என்ன தேடினீர்கள்?"

சாயங்காலம் சவுரியப்பன் மிட்டாய்ப் பொட்டலத்தோடு மாதையன் வீட்டுக்கு வந்தான்.

"எவனோ புண்ணியவான் அஞ்சு தாளை அறுத்துக்கிட்டுப் போயிட்டானுங்கண்ணா. நல்லவேளை, கடைசித் தாளை வுட்டுட்டான். அதுல இருந்த ஒவ்வொண்ணுக்கும் கடுதாசி போட்டு வரவழைச்சேன். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதானுங்க."

மாதையன் ஒரு மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டார்.

"நோட்டுல என் பேருக்கு மேல உங்க பேருதானுங்க இருந்துச்சு" என்றான் சவுரியப்பன், மெதுவாக. "நான் யாருகிட்டயும் சொல்லலீங்க."

அவன் போன பிறகும் அந்த மிட்டாய் மாதையன் வாயிலேயே கிடந்தது.