இன்றைய வருகை

"சோபாவை இன்னும் கொஞ்சம் தள்ளு. வர்றவங்க எங்க நிப்பாங்க?" என்றாள் அம்மா.

மகள் தள்ளினாள். கூடத்தின் நடுவில் அப்பா படுத்திருந்தார். நேற்றுக் காலை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே நெஞ்சைப் பிடித்து உட்கார்ந்தவர்தான். உறவு, அக்கம்பக்கம் எல்லாம் வந்து பார்த்தாயிற்று. கீழே வண்டியும் வந்துவிட்டது. ஓட்டுநர் அடிக்கடி ஆள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

"இனிமே யாரும்மா வரணும்?"

"அவரோட ஆளுங்க வரலயே. தினம் நூறு பேர் வர்றாங்கன்னு சொல்வாரே. அவங்க பார்க்காம எப்படி எடுக்கிறது? அவர் கம்ப்யூட்டர்ல சேதி எழுதிட்டேல்ல, வீட்டு அட்ரஸ் போட்டு?"

"ராத்திரியே எழுதிட்டேன்மா."

எழுதும்போது அம்மாவின் மனதில் இருப்பது இதுதான் என்று மகளுக்கு உறைக்கவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். ஓய்வு பெற்றபின் கை சும்மா இருக்காமல் ஒரு வலைப்பூ ஆரம்பித்து, கதவு திறக்காவிட்டால் என்ன செய்வது, நடுவழியில் நின்றால் ஏன் குதிக்கக்கூடாது என்று எழுதித் தள்ளினார். பக்கத்தின் ஓரத்தில் 'இன்றைய வருகை' என்று ஓர் எண் இருக்கும். சாப்பிட உட்கார்ந்ததும் அதைத்தான் சொல்வார். "இன்னைக்கு நூத்திப்பத்து பேர் வந்தாங்க." அம்மாவுக்கு வருகை என்றால் வருகைதான். அதில் வேறென்ன இருக்கிறது?

மகள் அப்பாவின் அறைக்குப் போனாள். அவள் கணவன் அங்கே கணினி முன் உட்கார்ந்திருந்தான். வலைத்தளம் அமைத்துக் கொடுப்பது அவன் பிழைப்பு.

"யாராவது வருவாங்களா?"

அவன் பின்கழுத்தைச் சொறிந்தான். "அந்த நம்பர நம்பிட முடியாது. பாதிக்குமேல, ஆளே இல்லாம தானா வந்து பக்கத்தத் திறக்குற புரோகிராம்."

"எப்படி? 'லிஃப்ட் நின்றால்'னு தேடினா அப்பாவோடதுதான் முதல்ல வருது. நானே பார்த்தேன்."

"எதுல பார்த்த?"

"இதுலதான். அவரோட கம்ப்யூட்டர்ல."

"அவரே தினம் தேடி, அதையே தினம் திறந்தா, அவருக்கு அதைத்தான் முதல்ல காட்டும். உன் போன்ல தேடிப்பாரு."

தேடினாள். லிஃப்ட் விற்பவர்கள் வந்தார்கள், விளம்பரம் வந்தது, பளு தூக்கும் போட்டிகூட வந்தது. பக்கம் பக்கமாகப் போயும் அப்பாவைக் காணோம்.

"அப்ப மீதி வந்ததெல்லாம் யாரு?"

"பக்கத்த ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் ஒண்ணு கூடும். யார் திறந்தாலும்."

"அப்பா திறந்தாலுமா?"

அவன் விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மகளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சத்தத்தை வைத்தே எந்த மாடியில் எந்தத் திருகாணி கழன்றது என்று சொல்லும் மனுஷருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான் தினமும் சாப்பிட உட்கார்ந்து சொன்னாரா? தெரியாமல் சந்தோஷமாகவே போய்ச் சேர்ந்தாரா? எதற்கு அழுவது என்று தெரியாமல் அழுகை வந்தது.

அம்மா அறை வாசலில் வந்து நின்றாள். "வண்டிக்காரர் சத்தம் போடறார். அவங்க எவ்வளவு தூரத்துல வந்துட்டிருக்காங்க?"

யாரும் வரமாட்டார்கள் என்று சொல்லத்தான் மகள் வாயைத் திறந்தாள். "வந்துட்டாங்கம்மா," என்றது வாய். "தூரத்துல இருக்கிறவங்க. இதுலயே வந்து பார்த்துட்டுப் போயிடுவாங்க."

கணினித் திரையில் 'இன்றைய வருகை' பன்னிரண்டு என்று இருந்தது. பக்கத்தை மறுபடி திறக்கும் பொத்தானை அழுத்தினாள். பதிமூன்று.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். பதினான்கு. அம்மா, வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்துத் தலையசைப்பதுபோல அசைத்தாள். பதினைந்து. மறுபடி அசைத்தாள்.

"பாவம், வேலைய விட்டுட்டு வந்திருக்காங்க."

கணவன் எழுந்து கூடத்துக்குப் போய்விட்டான். மகள் அவன் நாற்காலியில் உட்கார்ந்து அழுத்திக்கொண்டே இருந்தாள். அம்மா ஒருவரைக்கூட விடாமல் தலையசைத்தாள். கடைசியில் கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள்.

"போதும். இத்தனை பேர் பார்த்துட்டாங்க. எடுக்கச் சொல்லு."

மகள் எழுந்தாள். அம்மா அவள் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"நீ இரு. இன்னும் யாராவது வந்தா, வீட்ல ஆளில்லன்னு திரும்பிடப் போறாங்க."

கூடத்தில் நாலைந்து பேர் மூச்சைப் பிடித்துத் தூக்கும் சத்தம் கேட்டது. "மெதுவா, மெதுவா," என்றார் யாரோ. மகள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் இன்னொரு முறை அழுத்தினாள்.