ஓநாய் வளைவில் இரண்டு நாற்காலிகள்

எங்கள் ஊர்க்காரர்கள் பேங்க் கார்டின் ரகசிய எண்ணைக்கூடச் சொல்லிவிடுவார்கள். மஞ்சள் காளான் முளைக்கும் இடத்தை மட்டும் கட்டின புருஷனிடமும் சொல்ல மாட்டார்கள். நான் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் வாழ்நாளெல்லாம் என் காளான் குழம்பைத் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, அது எங்கே கிடைத்தது என்று தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். காட்டில் தானாக விளைவதை யார் வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பது ஃபின்லாந்தில் சட்டம். அப்படியிருக்க, வாயைத் திறந்தால் என்ன மிஞ்சும்?

என் இடம் ஓநாய் வளைவில் இருந்தது. மண் ரோட்டை ஒட்டி ஒரு பாசி மேடு, அதற்குப் பின்னால் பிர்ச் மரங்கள். ஜூலை மழை நின்றதும் அங்கே போனால் பாசிக்குள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாக எட்டிப் பார்க்கும். உலகத்தில் எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அது ஒன்றுதான் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த இடத்துக்கு வினை வந்தது என்னால்தான். ஊர்ச் சங்கத் தலைவி நான். ஏரிக்கரையில் இருக்கும் எங்கள் பொதுச் சவுனாவின், அதாவது நீராவிக் குளியல் அறையின், அடுப்பு போன குளிர்காலத்தில் விரிசல் விட்டுப் படுத்துவிட்டது. ராலி கார்ப் பந்தயத்தை எங்கள் ரோட்டுக்குக் கூப்பிட்டால், பார்க்க வரும் கூட்டத்துக்குச் சாசேஜும் காப்பியும் விற்றே புது அடுப்பு வாங்கிவிடலாம். பந்தயம் முடிந்ததும் அதை நடத்துகிறவர்களே ஜல்லி கொட்டி ரோட்டைச் சமப்படுத்தியும் கொடுப்பார்கள். 'காடு பாழாகும்' என்று யாரோ நகரத்துக்காரர் பத்திரிகையில் எழுதினார். எனக்கு வந்த கோபத்துக்கு, "கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள போற காரு காட்டை என்ன செஞ்சுடும்?" என்று ஊர்க்கூட்டத்தில் மேஜையைத் தட்டிப் பேசினேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

பிறகு வரைபடம் வந்தது. பார்வையாளர்கள் நிற்க வேண்டிய இடம் என்று பச்சையடித்திருந்தது என் பாசி மேட்டைத்தான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காரைப் பற்றிக் கவலையே இல்லை, அது ரோட்டோடு போய்விடும். காரைப் பார்க்க வருகிறவர்களின் பூட்ஸ் எங்கே போகும்? ஒரு நாள் முழுக்க அத்தனை பேர் மிதித்தால் பாசி கூழாகிவிடும். அடியில் ஓடும் காளானின் நூல் அறுந்தால், மறுபடி அது தலைகாட்ட என் ஆயுசு போதாது.

பந்தயக் குழுவின் சுற்றுச்சூழல் அதிகாரி வில்யா என்ற சின்னப் பெண் இடத்தைப் பார்க்க வந்தாள். கிணறு, பறவைக்கூடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டே நடந்தாள். கூட நானும், ரோட்டுச் சங்கத் தலைவன் என்சியோவும். என்சியோ மாடு வளர்க்கிறவன், ஏரிக்கு அந்தக் கரை, என் வயதுதான், மனைவியை இழந்தவன். வருஷா வருஷம் ஊர் விருந்துக்கு அவனும் காளான் பணியாரம் கொண்டுவருவான். எங்கே பறித்தாய் என்று கேட்டால் பாதி ஃபின்லாந்தைச் சுற்றிக் கையைக் காட்டி, "அந்தப் பக்கம்" என்பான்.

"இந்த மேட்டுல யாரும் நிக்க வேண்டாம்" என்றேன்.

"ஏன்?" என்றாள் வில்யா.

"பாசி இருக்கு."

"எல்லா இடத்துலயும் பாசிதானே இருக்கு?"

"எறும்புப் புத்தும் இருக்கு" என்றான் என்சியோ, நான் கேட்காமலே.

"எங்க இருக்கு?"

"இனிமே வரும்."

வில்யா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேட்டுக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். "புரிஞ்சுபோச்சு. சுத்தி சிவப்பு நாடா கட்டி, பாதுகாக்கப்பட்ட இடம்னு பலகை வச்சுடறேன்."

"வேண்டாம்" என்று இரண்டு குரல் ஒரே நேரத்தில் கேட்டது. ஒன்று என்னுடையது.

"பலகை வேண்டாம்னா எனக்கு வேற வழியில்ல. இந்த வளைவையே மூடணும். மூடினா கூட்டம் வராது, உங்க கடையும் கிடையாது. ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வில்யா காருக்குப் போய்விட்டாள்.

நான் என்சியோவைப் பார்த்தேன். அவன் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"எத்தன வருஷமா?" என்றேன்.

"உனக்கு எத்தன வருஷம்?"

"நான்தான் மொதல்ல கேட்டேன்."

"என் மாட்டுக்கு வேலி போட்ட வருஷத்துலேருந்து" என்று முனகினான். "நடுவுல நடுவுல யாரோ வந்து மேஞ்சுட்டுப் போயிடறாங்க. கடமான்னு நெனச்சேன்."

"கடமான் கத்தியால அறுக்குமாய்யா? நீ பறிச்சுட்டுப் போனதைத்தான் நான் மழை சரியில்லன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். இத்தன வருஷம் வானத்தைத் திட்டியிருக்கேன்."

திட்டுவதற்கு இப்போது ஆள் கிடைத்துவிட்டான், ஆனால் நேரமில்லை. அடுப்பு வேண்டும், இடமும் வேண்டும். ரோட்டுப் புழுதியைக் குச்சியால் கிளறியபடி நின்ற என்சியோ கடைசியில், "நாற்காலி" என்றான்.

"என்ன நாற்காலி?"

"பஸ் ஸ்டாப்புல நம்மாளு எப்பிடி நிப்பான்? ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பசு மாட்டைப் படுக்க வைக்கலாம். நீ மேட்டோட அந்த முனையில உக்காரு, நான் இந்த முனையில உக்கார்றேன். நடுவுல எவன் வருவான்?"

அவன் பேசி நான் கேட்ட மிக நீளமான பேச்சு அதுதான். வில்யாவிடம், எறும்பு இல்லை, மேட்டை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், வளைவு திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டோம். அவள் எதுவும் கேட்கவில்லை. நல்ல பெண்.

பந்தய நாள் விடிந்ததுமே மடக்கு நாற்காலி, போர்வை, காப்பி ஃபிளாஸ்க் சகிதம் போய் உட்கார்ந்துவிட்டோம். கூட்டம் வந்தது. வந்தவர்கள் மேட்டைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், அவனைப் பார்த்தார்கள், "மன்னிக்கணும்" என்பது போலத் தலையசைத்துவிட்டுத் தள்ளிப் போனார்கள். வளைவெல்லாம் ஆட்கள், எங்கள் நடுவில் மட்டும் காலி. என் ஜனங்களை நினைத்து எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

எதிர்ப்பக்கம் என் சங்கத்துத் தோழி சிஸ்கோவின் சாசேஜ் கடையில் வரிசை ரோட்டு முக்குவரை நின்றது. முதல் கார் வந்தது. சத்தம் முன்னால், கார் பின்னால், அதற்கும் பின்னால் புழுதி. வளைவில் பக்கவாட்டாகச் சறுக்கித் திரும்பியபோது கூழாங்கற்கள் என் ஃபிளாஸ்க்கில் பட்டுத் தெறித்தன. காளான் கவலையை மறந்து நான் எழுந்து நின்று கத்தினேன். என்சியோ கத்தவில்லை, தொப்பியைக் கழற்றினான். அது அவனுக்குக் கத்துவது மாதிரி.

கார்கள் பாதி போன பிறகு ஒரு இத்தாலிக்காரன் வந்தான். தோளில் கொடி, கையில் எங்கள் சாசேஜ், முகமெல்லாம் சிரிப்பு. பஸ் ஸ்டாப்பில் எப்படி நிற்பது என்று அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இத்தனை நல்ல இடத்தை ஏன் காலியாக விட்டிருக்கிறார்கள் என்று ஆச்சரியப்பட்டபடி நேராக நடுவில் வந்தான். இன்னும் நன்றாகத் தெரிய வேண்டும் என்று மேட்டில் ஏறினான். பின்னால் ஒரு எட்டு வைத்தால் காளான்.

கத்தினால் ஊரே திரும்பிப் பார்க்கும். அப்போது என்சியோ எழுந்தான். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்தான், என் நாற்காலியையும் என்னோடு சேர்த்து மேட்டின் நடுவுக்கு இழுத்தான், ஒட்டிப் போட்டு உட்கார்ந்தான். ஒரே போர்வையை இரண்டு பேர் முழங்காலுக்கும் போர்த்தினான். அப்புறம் என் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டான். ஊரே பார்க்கிறது.

இத்தாலிக்காரன் எங்களைப் பார்த்தான். நெஞ்சில் கை வைத்துக் குனிந்தான். பூனை நடை நடந்து மேட்டைவிட்டு இறங்கினான். அதோடு விட்டானா? பந்தயம் முடியும்வரை கொடியை விரித்துப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் காவல் நின்றான். பக்கத்தில் வந்தவர்களையெல்லாம் உதட்டில் விரலை வைத்து விரட்டினான். ஒரு பூட்ஸ் பின்னால் போகவில்லை.

புது அடுப்பு வந்துவிட்டது. ரோட்டில் புது ஜல்லி. சாசேஜ் காகிதங்களை ஊரே சேர்ந்து பொறுக்கினோம். மேட்டுக்கு இரண்டு பக்கமும் கூட்டம் நின்ற இடம் இன்னும் சேறாகத்தான் கிடக்கிறது. அடுத்த வருஷம் அங்கே பலகை அடித்து மேடை போட வேண்டும் என்று வில்யா கேட்டாள், நான் மேஜையைத் தட்டாமல் ஒத்துக்கொண்டேன்.

புது அடுப்பில் முதல் தீ மூட்டிய சாயங்காலம், பெண்கள் குளிக்கும் முறையில், சிஸ்கோ என் பக்கத்துப் பலகையில் வந்து உட்கார்ந்தாள். "எப்பலேருந்துடி?" என்றாள். மற்றவர்கள் அடுப்புக் கல்லில் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள்.

அப்படியொன்றும் இல்லை என்று சொல்லலாம். சொன்னால், பின்னே ஏன் அங்கே உட்கார்ந்தீர்கள் என்பாள். நான் யோசித்தேன். ரொம்ப நேரம் இல்லை.

"வேலி போட்ட வருஷத்துலேருந்து" என்றேன்.

இப்போதெல்லாம் நானும் என்சியோவும் கூடையோடு காட்டுக்குள் போனால், எதிரே வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேறு பாதையில் போய்விடுகிறார்கள். ஒரு ஆள் பின்னால் வருவதில்லை. மேட்டுக்குப் பின்னால் இந்த வருஷம் விளைச்சல் இரண்டு வீட்டுக்குத் தாராளம்.

"இங்க யாரும் பாக்கலப்பா. கையை விடலாம்" என்றேன்.

என்சியோ மரங்களுக்கு நடுவே நிதானமாக ஒரு சுற்றுப் பார்த்தான்.

"அந்த இத்தாலிக்காரன் எங்கயாச்சும் நிப்பான்" என்றான்.